பில்லில் கறுப்புத் திட்டாக விழுந்த லோகோ

என் சித்தப்பாவின் மரச்செக்கு எண்ணெய்க் கடை லோகோ மொபைலில் பார்க்க அம்சமாக இருக்கும். பொன்னிறத்தில் மின்னும் ஒரு துளி, அதற்குள் செக்கு, மாடு, சுற்றிலும் பொடி எழுத்தில் கடைப் பெயர். பில் மெஷினில் அடித்தாலோ வெறும் கறுப்புத் திட்டு.

மெஷின் மேல் குற்றமில்லை. அதில் இருப்பது தாளைச் சூடாக்கிக் கறுக்கவைக்கும் தெர்மல் பிரின்டர்; அதற்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். சாதாரண மாடல் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் வைக்கும். மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மெல்ல மாறும் நிறத்தை அது எங்கே காட்டுவது? கையில் இருந்ததும் வாட்ஸப்பில் வந்த, பெரிதாக்கினால் மங்கிவிடும் ஜேபெக் படம்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் (இலவசம்தான்) வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக, மறுபடி வரைந்தேன், முதலில் கறுப்பில் மட்டும். அதில் நிற்காத லோகோவை வண்ணம் காப்பாற்றாது. மாட்டை எடுத்துவிட்டேன். “மாடு இல்லாம செக்காடா?” என்று சித்தப்பா முறைத்தார். பில்லை அடித்துக் காட்டியதும் சரி என்றார்.

மெனக்கெட்டது எழுத்தில்தான். ‘எண்ணெய்’ என்ற சொல்லில் எத்தனை சுழி பாருங்கள்! சின்ன அளவில் அச்சடித்தால் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும், மெய்ப்புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தை வடிவமாக மாற்றி, சுழிகளின் உள்வெளியை அகலப்படுத்தி, புள்ளிகளைச் சற்று மேலே தள்ளினேன். ‘தரம்’, ‘தூய்மை’ எல்லாம் லோகோவில் எதற்கு? தூக்கியாயிற்று.

அப்புறம்தான் வண்ணம், அதுவும் ஒரே ஒரு பழுப்பு. லேபிள் அச்சகத்துக்கு சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் கலவை) அளவுகளோடு பிடிஎஃப், போர்டு எழுதுபவருக்கு எஸ்விஜி (வெக்டர் கோப்பு), பில்லுக்குத் தனியாகக் கறுப்பு வெள்ளை பிஎன்ஜி படம் கொடுத்திருக்கிறேன்.