செக் கேஸ் தோற்றால் தீர்ப்பை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் வழக்கு முடிந்ததும், அந்த ஊர் விதி அனுமதித்தால், வக்கீல்கள் ஜூரிகளிடமே (முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவினரிடம்) போய் எந்த சாட்சியை நம்பினீர்கள் என்று கேட்பார்கள். நம் பாரிமுனை ஹைகோர்ட்டில் 1945-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை ஜூரிதான் கேட்டது. ஆறுக்கு மூன்று என்று முடிவு மட்டும் சொன்னது. இன்று ஜூரி இல்லை. ஆனால் நீதிபதி காரணத்தை எழுதியே ஆகவேண்டும். ஆகவே அவரையோ கோர்ட் ஊழியரையோ தேடிப் போகாதீர்கள். கேட்க வேண்டியது தீர்ப்பிலேயே இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைக்காரர் கைமாற்றாக 3 லட்சம் கொடுத்து, அதற்கு வாங்கிய செக் பணமில்லாமல் திரும்பி, ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் தோற்றார் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்போடு சாட்சியங்களின் நகலுக்கும் மனு போடுங்கள். பலர் தீர்ப்பை மட்டும் வாங்குவார்கள், அது பாதிதான்.

கடைசிப் பக்கத்தை விட்டு, "தீர்வுக்குரிய பிரச்சினை" என்ற இடத்தில் தொடங்குங்கள். "நம்பத்தகுந்ததாக இல்லை", "நிரூபிக்கப்படவில்லை" என்று வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிட்டு, அதற்குக் காரணமான குறுக்கு விசாரணைப் பதிலைச் சாட்சிய நகலில் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான் கவிழ்த்திருக்கும்: "இவ்வளவு ரொக்கம் உங்களிடம் ஏது?" செக் கொடுத்தவர் கடனுக்காகவே கொடுத்தார் என்று சட்டம் முதலில் அனுமானிக்கும் (செலாவணி முறிச் சட்டம், பிரிவு 139). ஆனால் கடன் கொடுத்தவரின் பணவசதியை எதிர்தரப்பு சந்தேகத்துக்குள்ளாக்கினால், அதை நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வருமான வரிக் கணக்கில் அந்தக் கடன் இல்லையா, அடிபட்டது அங்கேயாக இருக்கலாம்.

தேதிகளைத் தனியாகச் சரிபாருங்கள். செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். இதில் பிசகியிருந்தால் மற்ற வாதமெல்லாம் பெரும்பாலும் வீண்.

பிறகு வக்கீல், குமாஸ்தா, உங்கள் சாட்சி ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் வக்கீல் சொல்வதற்கே எல்லாரும் தலையாட்டுவார்கள். "ஏன் தோத்தோம்?" என்றால் சாக்குதான் வரும், "எந்தக் கேள்விக்குத் தடுமாறினீங்க?" என்று கேளுங்கள்.

அப்பீலுக்குக் கெடு உண்டு. நகலுக்கு மனு போட்டதிலிருந்து அது தயாராகும் வரையான நாட்கள் அந்தக் கெடுவில் சேராது. மனு போட்ட தேதியும் நகல் தயாரான தேதியும் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.