இறுகிய தோளுக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். கொண்டை போடக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. நான்கு மாதமாக இடது தோளில் வலி. வலிக்குப் பயந்து கையை வயிற்றோடு அணைத்தே வைத்திருந்தார். சர்க்கரை நோயும் இருந்தது.

இதைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோம். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். கையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும். முரட்டுத்தனமாக இழுத்தாலும் வலி கூடும். இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும்.

கீழே விழுந்த பிறகு வந்த வலி, வீக்கம், காய்ச்சல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. தோள் வலியோடு நெஞ்சை அடைத்து வியர்த்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

முதலில் வெந்நீர் ஒத்தடம், பத்து நிமிடம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது ஊசல். நல்ல கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கை கிணற்று வாளிபோலத் தளர்ந்து தொங்கட்டும். உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானாக ஆடும். முன்னும் பின்னுமாக 10, பக்கவாட்டில் 10, சிறு வட்டமாக 10.

பிறகு மல்லாந்து படுத்து, வலிக்கும் கையின் மணிக்கட்டை நல்ல கையால் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். தூக்கும் வேலை முழுக்க நல்ல கையுடையது. இழுபடும் இடத்தில் ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை.

இனி சுவர். எங்கள் பக்கத்து வீடுகளில் நடை குறுகல்தான், ஆனால் இதற்கு ஓர் ஆள் நிற்க இடமிருந்தால் சரி. சுவரைப் பார்த்து நின்று, வலிக்கும் கையின் விரல்களைச் சிலந்திபோல ஒவ்வொன்றாக மேலே நகர்த்துங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: கை ஏறவில்லை என்றதும் தோளைக் காதுவரை தூக்குகிறார்கள், அல்லது இடுப்பைச் சாய்க்கிறார்கள். விரல் எட்டும் உயரம் கூடும், மூட்டு அசைந்திருக்காது. கண்ணாடி முன் ஒருமுறை செய்து பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைத் தோள்மேல் கை வைக்கச் சொல்லுங்கள். விரல் எட்டிய இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கையை அப்படியே விட்டுவிடாமல், ஏறியதுபோலவே விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கீழே இறக்குங்கள்.

காலை, மாலை இரு வேளை செய்யுங்கள். இழுப்பு இருக்கலாம், குத்தல் கூடாது. மாலையில் செய்தது இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிட வேண்டாம்.

இந்தத் தோள் சரியாக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அந்த அக்காவின் வீட்டுச் சுவரில் முதல் இரண்டு வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுந்தன. மூன்றாம் வாரம் ஒரு கோடு மட்டும் இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. மகளை அழைத்து அதைத்தான் காட்டினார்.