பிரேசிலின் 'கஜு' நம் முந்திரிப்பருப்பு அல்ல

பிரேசிலில் ஒருவர் கஜுச் சாறு குடித்தார் என்று படித்தால், முந்திரிப்பருப்பை அரைத்த பால் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது முந்திரிப்பழச் சாறு. இந்தியில் காஜூ, இலங்கைத் தமிழில் கஜு என்று பருப்பையே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது.

கஜு என்ற சொல்லுக்கு மூலம் துப்பி மொழியின் 'அகஜு'. பிரேசில் பழங்குடிகளிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட போர்ச்சுக்கீசியர், 16ஆம் நூற்றாண்டில் மரத்தையும் சொல்லையும் சேர்த்தே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே பருப்புக்குத்தான் மதிப்பு. பெயரும் அதனுடனே ஒட்டிக்கொண்டது. பிரேசிலிலோ கஜு என்றதும் கண்முன் வருவது சிவப்பும் மஞ்சளுமான சதைப்பற்றுள்ள பழம். தாவரவியல்படி அது பருத்த காம்புதான், கொட்டையே உண்மையான கனி. ஆனால் சந்தையில் அந்தக் கணக்கு எடுபடாது.

பருப்பைச் சொல்ல அவர்களுக்கு 'கஸ்தாஞ்ய தி கஜு' என்ற தொடர் உண்டு. இதில் பின்பாதியை விட்டுவிட்டு 'கஸ்தாஞ்ய' என்று மட்டும் போர்ச்சுகலில் கேட்டால், இலையுதிர்காலத் தெருக்களில் சுட்டு விற்கும் செஸ்ட்நட் என்ற வேறு கொட்டை கிடைக்கும். அதே போர்ச்சுகல் கடைகளில் பொட்டலத்தின் மேல் 'கஜு' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது பருப்புதான். ஆகவே எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் பாருங்கள். பழம், கொட்டை, பருப்பு என மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் தமிழில் இதைக் குழப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மரத்தையும் கஜு என்று எழுதக் கூடாது. பழப்பெயரோடு 'எய்ரு' சேர்ந்தால்தான் மரம்: கஜுவெய்ரு. பிரேசிலின் நத்தால் நகருக்கு அருகே பிராங்கியில் ஏறத்தாழ 8,500 சதுர மீட்டர் பரந்து கிடக்கும் ஒற்றை முந்திரிமரத்துக்கும் அதுவே பெயர். 'கஜா' என்பது வேறு பழம், மாம்புளிச்சை இனம். ஓர் எழுத்தில் ஏமாறலாம்.

'கஜுயீன' மதுவகை என்று நினைப்பவர்களும் உண்டு. அது பியாவி மாநிலத்தில் பழச்சாற்றைத் தெளியவைத்து, புட்டியோடு வெந்நீரில் காய்ச்சும் பானம். சர்க்கரை காய்ந்து பொன்னிறம் வருகிறது, சாராயச் சத்து துளியும் இல்லை. 2014இல் பிரேசில் அரசு இந்தத் தயாரிப்பு மரபைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.

பிரேசில் பேச்சுவழக்கில் வயதையும் கஜுவால் எண்ணுவார்கள். ஆண்டுக்கு ஒரு விளைச்சல் என்பதால், எழுபது கஜு கண்டவர் என்றால் எழுபது வயதுக்காரர்.