சைக்கோ த்ரில்லர் எழுதுறீங்களா? மாத்திரை அட்டைக்கு க்ளோசப் வெக்காதீங்க

போன மாசம் நண்பர் ஒருத்தர் ஷார்ட் ஃபிலிம் ஸ்கிரிப்ட் அனுப்பினாரு. நாலாவது சீன்ல வில்லன் ரூமு, டேபிள் மேல பாதி பிரிச்ச மாத்திரை அட்டை, அதுக்கு ஒரு க்ளோசப், பின்னாடி வயலின் கீச்சுன்னு. இவன்தான் கொலைகாரன்னு நமக்கு அதுலயே புரிஞ்சிரணுமாம். ஏம்ப்பா, ஒழுங்கா டாக்டர பாத்து, மாத்திரை போட்டுட்டு, காலைல ஆபீஸ் போறவங்க நம்ம வீட்லயே இருக்காங்களே, அவங்களும்தான படம் பாப்பாங்க?

முதல் தப்பு இதான், நோயையே கொலைக்குக் காரணமா வெச்சிடுறது. அதுலயும் பேரு வேற மாத்தி எழுதுவாங்க. 2005ல அந்நியன் வந்ததுல இருந்து மனநோய்னாலே ஒரு ஆளுக்குள்ள மூணு ஆளுன்னு ஆயிப்போச்சு, ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் அதையே எழுதுறாங்க. ரெண்டும் வேற வேறங்க. ஸ்கிசோஃப்ரீனியாவுல ஆள் மாற மாட்டாங்க, யாரும் பேசாமலே காதுல குரல் கேக்கும், யாரோ நமக்கு எதிரா சதி பண்றாங்கன்னு தோணிட்டே இருக்கும். பாதி நேரம் பயந்து போய் இருக்கிறது அவங்கதான்.

அடுத்தது உடம்பு. ராட்சசன் (2018) நான் சீட் நுனில உக்காந்து பாத்த படம், இப்பவும் பிடிக்கும். ஆனா வில்லனுக்கு வெச்ச வெர்னர் சிண்ட்ரோம் நிஜ வியாதி, சின்ன வயசுலயே முதுமை வந்துரும். அந்த முகத்தையே பயமுறுத்துற பொருளா காட்டினது இன்னிக்கும் உறுத்துது.

சில பேரு ஒரு வரி டயலாக் போட்டு தப்பிச்சிரலாம்னு பாக்குறாங்க. 1991ல வந்த ஹாலிவுட் படம் த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்ல கொலைகாரன் திருநங்கை இல்லன்னு வசனத்துலயே சொல்லிடுவாங்க, ஆனா ஜனங்க மனசுல நின்னது அவன் பொம்பள மாதிரி மேக்கப் போட்டு கேமரா முன்னாடி ஆடுற ஆட்டம்தான். வசனம் யாருக்கு ஞாபகம் இருக்கு? அந்தப் படத்த எதிர்த்து ஆஸ்கர் விழா வாசல்லயே போராட்டம் நடந்துச்சு.

அதுக்காக நோயாளி, திருநங்கை, சிறுபான்மைன்னு வர்றவங்க எல்லாரையும் அப்பாவி ஆக்கி, இடைவேளைக்கு முன்னாடியே சாகடிக்கிறதும் வேணாம். கெட் அவுட் (2017) பாருங்க. ஹீரோ கருப்பினத்தவர், காதலியோட வெள்ளைக்கார அப்பா ஒபாமாவுக்கு மூணாவது தடவையும் ஓட்டு போட்டிருப்பேன்னு சிரிச்சிட்டே சொல்றப்பவே நமக்கு வயித்த கலக்கும். அங்க பயப்படுறது அவரு, நாம அவர் கண்ணு வழியா பாக்குறோம். படத்த எழுதி இயக்கின ஜோர்டன் பீலுக்கு திரைக்கதை ஆஸ்கர் சும்மா குடுக்கல.

நண்பர் ஸ்கிரிப்ட மாத்திட்டாரு. மாத்திரை அட்டை இப்ப லேடி இன்ஸ்பெக்டர் கைல, சாப்ட்டு முடிச்சு ஒன்ன போட்டுட்டு ஜீப்ல ஏறிடுறாங்க, ரெண்டே வரி. வில்லன் ஏன் கொல்றான்னுதான் இப்ப அவருக்கே தெரியல, உக்காந்து யோசிச்சிட்டு இருக்காரு.