ஒரே பக்கெட்: ஓடை மீன் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவசைலம் பக்கம் கடனாநதியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் கீழே நாலு கல்லூரிப் பையன்கள். ஆளுக்கொரு வலை, நடுவில் ஒரே ஒரு பச்சைப் பக்கெட். "அண்ணே, காலையில சித்தாத்துல பிடிச்சதும் இதுலதான் கிடக்கு" என்று ஒருவன் பெருமையாகத் தூக்கிக் காட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சிற்றாறும் கடனாநதியும் கடைசியில் தாமிரபரணியில்தான் சேர்கின்றன என்பதால் அந்தப் பையன்கள் ஏதோ தப்பித்தார்கள். 2013இல் இதே மாதிரி ஒரு பக்கெட்டைத் தூக்கிக் காட்டிய நான் தப்பவில்லை.

நண்பர்களோடு சனி, ஞாயிறு ஓடைக்குப் போய், மேற்குத் தொடர்ச்சி மலையின் நாட்டு மீன்களை வலையில் எடுத்துப் பார்த்து, படம் பிடித்து, குறிப்பு எழுதிவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டு வருவது. நாங்கள் செய்வது இவ்வளவுதான். தொப்பி போடுங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒருமுறை பாசியில் விழுந்தால் அது தானாகவே வந்துவிடும்.

மீனைத் துரத்துவது

வலை கைக்கு வந்ததும் எல்லாரும் தும்பி பிடிக்கிற மாதிரி துரத்த ஆரம்பிப்பார்கள். ஓடை மீன் பிறந்ததிலிருந்து மீன்கொத்திக்கும் கொக்குக்கும் தப்பித்துப் பழகியது. உங்கள் வலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வலையை அசைக்காமல் பிடித்துக்கொள்வதுதான் வழி. தண்ணீர் கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் இடத்தில் ஒருவர் வலையின் வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, அடிப்பக்கம் தரையில் பதியும்படி நிற்க வேண்டும். இன்னொருவர் மூன்றடி மேலே நின்று காலால் கல்லைக் கிளற வேண்டும். மீதியை ஓட்டமே பார்த்துக்கொள்ளும். ஊர்ப் பிள்ளைகள் இதைத் துண்டை வைத்தே செய்வார்கள். முதல் நாளே அவர்களிடம் கேட்டிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

மடுவை மட்டும் துழாவிவிட்டு "கெண்டைதான் இருக்கு" என்று கிளம்புவதும் இதோடு சேர்த்தி. ஒரே ஓடையில் பல தெருக்கள் உண்டு. பாய்ச்சலான இடத்தில், தாடைக்கடியில் இருக்கும் வட்டமான ஒட்டுறுப்பால் பாறையைப் பற்றிக்கொண்டு கல்லொட்டி இருக்கும். மணலுக்குள் அயிரை. கரையோர வேருக்குள் ஆரல். ஓட்டமில்லாத ஓரத்தில், தண்ணீரின் மேல்பரப்பை ஒட்டி, தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன மீன். மேலிருந்து பார்த்தால் முதலில் அந்தப் பொட்டுதான் கண்ணில் படும்.

புரட்டிய கல்

புரட்டிய இடத்திலேயே, அதே பக்கம் கீழே இருக்கும்படி திரும்ப வையுங்கள்.

கொசு விரட்டி, சன்ஸ்கிரீன்

தடவிய கையைத் தண்ணீரில் விடாதீர்கள். முழுக்கைச் சட்டை போதும்.

ஒரே பக்கெட்

இனி அந்தப் பக்கெட் கதை.

நாங்கள் ஐந்து பேர், ஒரு ஆம்னி வேன். சனிக்கிழமை ராத்திரி தென்காசியில் தங்கினோம். ஞாயிறு காலை கடையத்துக்குப் பக்கத்தில், அணைக்குக் கீழே உள்ள ஓடையில் இறங்கினோம். நல்ல வேட்டை. பத்து மணிக்குள் முப்பது, நாற்பது மீன், ஏழெட்டு வகை. படம் பிடிக்கும் கண்ணாடித் தொட்டியை வெளியே எடுக்கும்போது ஒருவன் சொன்னான்: "இங்க வெளிச்சம் சரியில்லடா. எப்படியும் ஆரியங்காவு போறோம்ல, அங்க சாயங்காலம் மொத்தமா எடுத்துக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மீன் பக்கெட் வண்டியில் ஏறியது. இன்னொரு பக்கெட்டும் இருந்தது. அதில் ஈரத்துணி.

செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறி ஆரியங்காவுக்கு அந்தப்பக்கம் போனோம். பதிமூன்று கண் பாலம் இருக்கிற பகுதி. கணவாய் தாண்டிய பிறகு தண்ணீர் மேற்கே திரும்பிக் கல்லடையாற்றுக்குப் போய், அரபிக்கடலில் சேர்கிறது. காலையில் நாங்கள் நின்ற ஓடை தாமிரபரணி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு தண்ணீரில் இருக்கும் மீன்களும் ஒன்றையொன்று பார்த்து எத்தனையோ யுகமாகியிருக்கும்.

அங்கேயும் வலை போட்டோம். அங்கே பிடித்ததை எங்கே போட்டோம் என்று சொல்ல வேண்டுமா? ஈரத்துணி பக்கெட்டைக் காலி செய்ய யாருக்கும் சோம்பல் விடவில்லை. சாயங்காலம் மஞ்சள் வெயிலில் ஒவ்வொன்றாகத் தொட்டியில் விட்டுப் படம் எடுத்தோம். அருமையான படங்கள், அதை இன்றைக்கும் சொல்வேன். இருட்டியபோது "பாவம்டா, விட்டுடலாம்" என்று எல்லா மீனையும் அந்த ஓடையிலேயே விட்டோம். ஐந்து பேர் முகத்திலும் புண்ணியம் தேடிக்கொண்ட களை.

பத்து நாள் கழித்துப் படங்களை அடுக்கும்போதுதான் ஒரு குட்டி மீனில் மாட்டினேன். இரண்டு அங்குலம்கூட இல்லாத கெண்டைக் குஞ்சு, உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள். டாகின்சியா என்கிற பேரினத்து (நெருங்கிய சொந்தக்கார இனங்களின் கூட்டம்) கெண்டை அது. 2012இல்தான் இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெதியகொடவும் கூட்டாளிகளும், பரிணாம அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரால் அந்தப் பேரினத்தை உருவாக்கியிருந்தார்கள். அந்தக் கட்டுரையின் அச்சுப் பிரதியை நாங்கள் பையில் வைத்துக்கொண்டு அலைந்த காலம். இந்த வகையில் வளர்ந்த மீன்களைப் பிரிப்பது பெரிய கஷ்டமில்லை. மேற்கே ஓடும் ஆறுகளில் இருக்கும் ஃபிலமென்டோசாவுக்கு வளர்ந்த பிறகு வால் பக்கம் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு நிற்கும். தாமிரபரணிக்கே உரிய இனத்தை 1954இல் விவரித்த மீன் ஆய்வாளர் சைலாஸ், ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். அதற்கு உடம்பின் கறுப்புத் திட்டுகள் வளர்ந்த பின்னும் போவதில்லை. காவிரியில் அருலியஸ், கன்னியாகுமரிப் பக்கம் ரோஹனி என்று பக்கத்துப் பக்கத்து ஆற்றில் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு இனம். வம்பு என்னவென்றால் குஞ்சாக இருக்கும்போது எல்லாமே மூன்று பட்டை போட்டுக்கொண்டுதான் திரியும். அப்போது அதை அடையாளம் சொல்ல மீனைவிட அது வந்த ஆறுதான் உதவும்.

மீன் தெரிந்த ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன். பதில் ஒரு வரி: "எந்த ஆறு?" நடந்ததை எழுதினேன். அடுத்த பதிலும் ஒரு வரிதான்: "விட்டது எங்கே?"

முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் போனதில் எங்கள் ஒரு நாள் உழைப்பு குப்பையானது. நாற்பது படம் இருந்தும் அந்த நாளில் எந்த ஓடையில் என்னென்ன மீன் இருந்தது என்று ஒரு பட்டியல்கூடப் போட முடியவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் நன்றாகவே தெரியும், அதுதான் இன்னும் உறுத்துகிறது. கிழக்கே பிறந்த மீனை மலை தாண்டிக் கொண்டுபோய் மேற்கே விட்டிருக்கிறோம். அந்த மீன்கள் பிழைத்திருக்குமா? பெரும்பாலும் இருக்காது. பிழைத்திருந்தால்? சொந்தக்கார இனங்கள் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் கலந்து இனப்பெருக்கம் செய்யலாம். மீன் தனியாகவும் போவதில்லை. செதிலில், செவுளில் ஒட்டுண்ணி போகிறது, பக்கெட் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ போகிறது. விட்டதைத் திரும்ப எடுக்க எந்த வலையும் கிடையாது.

அடுத்த வருடம் அதே கடையத்து ஓடைக்குப் போய் அதே இடத்தில் வலை போட்டேன், அந்தப் பட்டைக் குஞ்சு கிடைக்குமா என்று. வந்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா). படம் இன்னும் என் கணினியில் "எந்த ஆறு" என்ற பெயரில் கிடக்கிறது.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், ஓடைக்கு ஒரு பக்கெட். வண்டியில் ஏறும் பக்கெட்டில் உயிருள்ள மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெளிச்சம் சரியில்லையா, சரி, சுமாரான படமே போதும். கரைக்கு வந்ததும் ஒரு துண்டுச்சீட்டில் தேதி, நேரம், ஓடையின் பெயர், பக்கத்து ஊர், போன் காட்டும் இடக்குறியீடு எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுகிறேன். பேனா மை தண்ணீர் பட்டால் கரையும், பென்சில் கரையாது. கேமராவில் முதல் படம் அந்தச் சீட்டு, அப்புறம்தான் மீன். பிடித்த இடத்திலேயே விடுகிறோம், ஐம்பதடி தள்ளிக்கூட இல்லை. மிச்சத் தண்ணீரைக் கரையில் மண்ணில் ஊற்றுகிறோம். ஒரே நாளில் இரண்டு ஆற்றுக்குப் போவதென்றால் இரண்டு செட் வலை. இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரே ஆறுதான். நனைந்த வலை வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீரைப் பார்க்கும்.

இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் "ஒரு நாலு மீனுக்கு இவ்வளவா அண்ணே" என்பார்கள். ஆமாம், இவ்வளவுதான்.

வெயிலில் வைத்த பக்கெட்

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பாய்ச்சலில் வாழ்ந்த கல்லொட்டிக்கு அந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம். பக்கெட்டை மர நிழலில், பாதி ஓடைக்குள் இருக்கும்படி வையுங்கள், கால் மணிக்கொருமுறை தண்ணீர் மாற்றுங்கள், பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் நல்லது. பக்கெட்டில் பத்துப் பதினைந்து மீனுக்கு மேல் வேண்டாம். குறவையைத் தனியாகப் போடுங்கள். நாங்கள் ஒருமுறை சேர்த்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து எண்ணினால் மூன்று குறைந்தது, குறவை மட்டும் தடித்திருந்தது.

கெளுத்தி

செவுளுக்குப் பின்னால் இருபக்கமும் முள். வெறுங்கையால் பிடிக்காதீர்கள்.

வீட்டுக்கு நாலு மட்டும்

எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். வேண்டாம். ஓடிக்கொண்டே இருக்கும் குளிர்ந்த தண்ணீரில் வளர்ந்த மீன் உங்கள் வரவேற்பறைக் குடுவையில் ஒரு வாரம் இருந்தால் அதிகம். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். வீட்டுத் தொட்டி மீனில் சலித்துப்போய் "உயிரைக் கொல்ல மனசு வரலை" என்று ஓடையில் விடுவது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பி இன்று நம் வாய்க்கால்களில் மொய்ப்பது கொசுப்புழு தின்னட்டும் என்று விட்டதாலும் இந்த ஜீவகாருண்யத்தாலும்தான். அந்த வெள்ளிப் பொட்டு மீனும் கொசுப்புழு தின்னும், அது இங்கேயே இருந்தது.

புதுத்தண்ணீர் சமயம்

முதல் மழையில் மீன் ஏறும்போது பிடிக்கச் சுலபமாக இருக்கும். அது முட்டையோடு ஏறுகிறது என்பதால்தான் சுலபம். கேரளத்தில் இந்த 'ஊத்த' பிடிப்புக்குத் தடையே உண்டு. எங்கள் பக்கம் தைக்குப் பிறகு, தண்ணீர் தெளிந்து இறங்கியதும் போங்கள்.

மலை கறுத்தால்

கரையேறுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிப்பது கணக்கில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது.

அனுமதி

அணைகளுக்கு மேலே பெரும்பகுதி களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் வலையோடு உள்ளே போகாதீர்கள். அணைக்குக் கீழேயே பார்த்து முடிக்க ஆயுள் போதாது.

பெயர் வைக்கும் அவசரம்

மீன் வலையில் துள்ளும்போதே ஒருவர் லத்தீன் பெயரை அறிவிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தப் பெயர் நோட்டில் ஏறிவிட்டால் பிறகு யாரும் மீனைப் பார்க்க மாட்டார்கள், பெயரைத்தான் பார்ப்பார்கள். பெயரும் நிற்பதில்லை. 1870களில் ஆங்கிலேய மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே இந்திய மீன்களைப் பற்றி எழுதியபோது இந்தக் கெண்டைகளின் பேரினப் பெயர் பார்பஸ், நான் பழகத் தொடங்கியபோது புன்டியஸ், 2012க்குப் பிறகு அதுவும் பலவாகப் பிரிந்தது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மீசை உண்டா, எத்தனை ஜோடி, பொட்டு எங்கே, உடம்பின் நடுக்கோட்டில் எத்தனை செதில், எந்த மாதிரித் தண்ணீரில் கிடைத்தது. படத்தில் மீனின் இடப்பக்கம் தெரியட்டும், தலை இடதுபுறம் இருக்கட்டும், தொட்டியில் ஒரு ஸ்கேலை ஒட்டி வையுங்கள். பெயரை வீட்டுக்கு வந்து தேடலாம். எழுதியது சரியாக இருந்தால் பத்து வருடம் கழித்துப் பெயர் மாறினாலும் உங்கள் குறிப்பு செல்லும்.

பொரித்துச் சாப்பிடலாமா?

அயிரைக் குழம்புக்கு மதுரையில் கடை இருக்கிறது.