மான் தூக்கும் பிக்கப்: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் குடிவந்து ஓரிரண்டு வருடத்துக்குள் யாராவது ஒருவர் உங்களை வேட்டைக்குக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம். நவம்பர் முதல் சனிக்கிழமை வெள்ளைவால் மான் சீசன் தொடங்கும். அந்த வாரம் பாதிப் பேர் லீவில் போய்விடுவார்கள். மான் வேட்டை என்றாலே ஜெயில் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. இங்கே அது உரிமம் வாங்கி, கணக்கு வைத்து, குடும்பம் குடும்பமாகச் செய்யும் காரியம். கறி சாப்பிடுபவராக இருந்தால் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஊர் மக்களோடு பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதலில் விசா விஷயம். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமத்தோடு வேட்டைப் பயிற்சி வகுப்பும் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் அது பொருந்தும். நண்பர்தானே என்று அவர் துப்பாக்கியை ஒரு நிமிடம் வாங்கிப் பிடிப்பது கூடச் சிக்கலாகலாம். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். முதல் வருடம் நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை. எனக்குக் கொடுத்த வேலை வின்ச் சுற்றுவது, அதாவது சுட்ட மானைத் தூக்கும் கயிற்றைக் கைப்பிடியால் சுற்றுவது. புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வேலைதான் வரும், அதனால் அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் ஆட்டை வேப்ப மரக் கிளையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உரிப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் மேற்கே இருக்கும் ஹில் கன்ட்ரி என்கிற குன்றுப் பகுதியின் மேய்ச்சல் நிலத்தில் நல்ல உயரமான கிளை கிடைப்பது கஷ்டம். அங்குள்ள ஓக் மரங்கள் கட்டையாக வளைந்து கிடக்கும். அதனால் பிக்கப்பின் பின்னால், டிரெய்லர் மாட்டும் சதுரக் குழாயில், ஒரு இரும்புக் கம்பத்தைச் செருகிக்கொள்கிறார்கள். இதை ஹாய்ஸ்ட் என்பார்கள். கடையிலும் விற்கிறது. ஆனால் வெல்டிங் மெஷின் வைத்திருக்கிற எந்த டெக்சஸ்காரரும் இதைத் தானே செய்துகொள்வார், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவும் செய்வார். பொறுமையாகக் கேளுங்கள், அத்தனையும் உபயோகமான பேச்சு.

பெரும்பாலான பிக்கப்பில் அந்தக் குழாயின் உள்ளளவு 2 அங்குலம். அதில் நுழைகிற மாதிரி ஒரு சதுரக் கம்பி, அதோடு பற்றவைத்த கனமான குழாய், அந்தக் குழாய்க்குள் நிற்கிற நெட்டுக் கம்பம், உச்சியில் குறுக்கே ஒரு கை. கை தரையிலிருந்து 8 அடியாவது இருக்க வேண்டும். பின்னங்காலைக் கட்டித் தூக்கும்போது மான் ஆள் உயரத்துக்கு மேல் நீளும், தலை மண்ணில் புரளக் கூடாது. கம்பம் உருண்டையாக இருந்தால் சுழலும்; வண்டிக்குள்ளிருந்தே மானைத் தூக்கி வெளியே திருப்பிவிடலாம். உருண்டைக் கம்பமே எனக்குப் பிடித்தது. ஒன்றுதான், சுழலாமல் நிறுத்தக் குறுக்கே செருகும் ஒரு இரும்புப் பின் கட்டாயம் வேண்டும்.

கையின் நுனியில் கப்பி, கம்பத்தின் இடுப்பில் படகு டிரெய்லரில் மாட்டுகிற கை வின்ச். கயிற்றின் முனையில் கேம்ப்ரல் என்கிற குறுக்குக் கம்பி, துணி மாட்டும் ஹேங்கர் போலவே இருக்கும். அதன் இரண்டு முனைகளும் மானின் பின்னங்கால் மூட்டில், எலும்புக்கும் அந்தக் கெட்டி நரம்புக்கும் நடுவே போகும். அங்கே கத்தி போடுகிறவர் நரம்பை அறுத்துவிட்டால் அந்தக் கால் நிற்காது, மொத்தமும் சரிந்துவிடும். தோலை மட்டும் கீறி, விரலை விட்டு இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை நுழைப்பார்கள். கவனித்துப் பாருங்கள், அந்த விரல் வேலை அழகு.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு கணக்கு சட்டென்று புரியும். கப்பியின் ஒரு பக்கம் 60 கிலோ மான் தொங்கினால், மறுபக்கம் கீழே இழுக்கிற கயிறும் ஏறக்குறைய 60 கிலோ இழுக்கிறது. கப்பியைத் தாங்குகிற கொக்கி மேல் விழுவது 120 கிலோ. கம்பம் பெரிதாக இருக்கிறதே என்று நம்பி, கொக்கிக்கு மட்டும் மலிவான போல்ட் போட்டுவிடுகிறார்கள். ஹில் கன்ட்ரி மானுக்கு அது தாங்கிவிடும். அதே ஹாய்ஸ்டில் 100 கிலோவைத் தாண்டிய காட்டுப்பன்றியைத் தூக்கும்போதுதான் தெரியும். வின்ச், கயிறு, கப்பி, கொக்கி, பின், நான்கைந்து சாமானில் எது ரொம்பக் குறைந்த எடை தாங்குமோ, அதுதான் முழு ஹாய்ஸ்டின் கணக்கு; கப்பிக்கும் கொக்கிக்கும் மட்டும் அவை தாங்குவதில் பாதியைக் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று, எடை ஏறியதும் பிக்கப்பின் பின்பக்கம் ஸ்பிரிங்கில் அமுங்கும், கம்பம் சாயும். கம்பத்தின் அடியில் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு கால் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படிக் கால் இல்லாத ஹாய்ஸ்டைக் கண்டால் நான் இப்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். வண்டி சமதரையில், எஞ்சின் அணைந்து, ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டும். வண்டியின் சதுரக் குழாயில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் ஹிட்ச் பின் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, அதன் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். வின்ச்சைச் சுற்றும்போது கிளிக் கிளிக் என்று பல்லில் விழும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் நின்றால் கைப்பிடியை விடாதீர்கள். இரண்டாவது வருடம் நான் பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டுவிட்டேன். கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று மணிக்கட்டில் அடித்தது, மூன்று வாரம் சட்டை பட்டன் போட முடியவில்லை. எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். தொங்குகிற மானுக்கு அடியில் யாரும் குனியக் கூடாது. குழந்தைகள் வந்திருந்தால் அவர்களைத் தள்ளி நிறுத்துவதும் வின்ச்காரர் பொறுப்பு.

உரிக்கிறவர் மேலிருந்து கீழே வருவார். தோலைக் கையால் இழுத்து, ஒட்டுகிற இடத்தில் மட்டும் கத்தி தொடுவார். அவர் கை எப்போதும் தன் நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமலே செய்தீர்களென்றால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பன்றியென்றால் கட்டாயம், காட்டுப்பன்றியிடமிருந்து புரூசெல்லோசிஸ் என்கிற காய்ச்சல் நோய் தொற்றும். மூளை, தண்டுவடம் பக்கம் கத்தி போக வேண்டாம். மான்களுக்கு வரும் சிடபிள்யுடி என்கிற மூளை நோய் டெக்சஸிலும் 2012 முதல் இருக்கிறது.

நவம்பரிலும் மத்தியானம் 80 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும். ஊரில் காலையில் அறுத்த கறி மதியம் குழம்பாகிவிடும், அதனால் நமக்கு இந்த அவசரம் பழக்கமில்லை. இங்கே கறி 40 டிகிரிக்குக் கீழே சீக்கிரம் போக வேண்டும். ஐஸ் நிறைத்த பெரிய கூலர் ஒன்றை நீங்களே எடுத்துப் போங்கள்.

கிளம்பும்போது ஒரு தொடையோ முதுகுக் கறியோ கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சுட்டவரின் பெயர், முகவரி, உரிம எண், தேதி, இடம், என்ன கறி என்பதெல்லாம் எழுதி அவர் கையெழுத்திட்ட சீட்டும் கேட்டு வாங்குங்கள். அடுத்தவர் சுட்ட மானின் கறியைக் கொண்டுபோக டெக்சஸில் அந்தச் சீட்டு வேண்டும். வழியில் வார்டன், அதாவது வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, நிறுத்தினால் அதைத்தான் கேட்பார். கேட்க வெட்கப்பட வேண்டாம், அவர்களுக்கு அது பழகிய காரியம். அந்தக் கறியை விற்கவும் கூடாது.

அப்புறம், ஹாய்ஸ்டைக் கழற்றாமல் ரோட்டில் ஏறாதீர்கள். நம்பர் பிளேட்டை மறைக்கும், பின்னால் வருபவர் முட்டினால் அவர் கண்ணாடிக்கு நேராக நிற்கும். கயிற்றில் ரத்தம் காயுமுன் கழுவி, வின்ச் பல்லில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கம்பத்தை வண்டிக்குள் கிடத்திக் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.