"பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள்: காயம்பட்ட வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களத்தில் வலியை அடக்கத் தெரிந்தவர்தான் பிழைக்கிறார். ஆனால் அந்தப் பழக்கம் மருத்துவமனைக் கட்டில் வரை கூடவே வந்தால் காரியம் கெட்டுவிடும். "வலி எப்படி இருக்கு?" என்று நர்ஸ் கேட்டால் பல வீரர்கள் "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். மற்ற தவறுகள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

வலியோடு கிடப்பவரால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, நன்றாக இருமிச் சளியை வெளியேற்றவும் முடியாது. நுரையீரலில் தொற்று வர இதுவே வழி. தூக்கம் கெடும், பயிற்சி தள்ளிப்போகும், அசைக்காத மூட்டு இறுகிவிடும். ஆரம்பத்தில் அடங்காத வலி, புண் ஆறிய பிறகும் நாள்பட்ட வலியாகத் தங்கிவிடும் வாய்ப்பும் அதிகம். வலியைச் சொல்வது புலம்பல் இல்லை. எங்கே, எப்போது, எரிகிறதா, குத்துகிறதா, மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதா என்று சொன்னால்தான் மருத்துவர் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். நரம்பு வலிக்குத் தரும் மருந்தே வேறு.

"அடிபட்ட அன்று இவ்வளவு வலிக்கவில்லையே, இப்போது நான் கோழையாகிவிட்டேனோ" என்று உள்ளுக்குள் குமைபவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவர் ஹென்றி பீச்சர் இதைக் கவனித்து 1946-இல் எழுதினார். கடுமையாகக் காயம்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், கேட்டபோது வலி மருந்து வேண்டாம் என்றார்கள். ஆனால் ஊசியைச் சரியாகக் குத்தாவிட்டால் அவர்களும் மற்றவர்களைப் போலவே வலிக்கிறது என்றார்கள். உயிர் தப்பிய நேரத்தில் மூளை வலியை அமுக்கி வைக்கிறது. பிறகு அது வெளியே வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மாத்திரை விஷயத்தில், வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருப்பது தவறு. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும். சொன்ன நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிசியோதெரபிக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும் என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடும் வலிக்குத் தரும் மார்பின் வகை மருந்துகளோடு மதுவோ, தானாக வாங்கிய தூக்க மாத்திரையோ சேரவே கூடாது. மூச்சே நின்றுவிடலாம். சில வாரம் எடுத்த பிறகு அவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாராசிட்டமால் பல கூட்டு மாத்திரைகளில் கலந்திருக்கும். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதித்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

கால் இழந்தவர்களுக்கு அன்பினாலேயே நடக்கும் ஒரு தவறு, வெட்டியது போக எஞ்சியிருக்கும் கால் பகுதிக்குக் கீழே தலையணை வைப்பது. அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிப்போனால், பிறகு செயற்கைக் காலில் நிமிர்ந்து நிற்பதே பெரும்பாடு. மருத்துவர் அனுமதித்தால் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பது நல்லது.

அப்புறம், இல்லாத காலில் வலிக்கிறதென்று சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மறைப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களிடம் நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 150 ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்த வலி இது. இழந்த உறுப்பின் வரைபடம் மூளையில் அப்படியே இருக்கிறது. இருக்கும் காலைக் கண்ணாடியில் காட்டி அசைக்கும் பயிற்சி சிலருக்கு நன்றாகவே உதவுகிறது.

நன்றாக இருக்கும் நாளில் ஒரேயடியாகச் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவது, படையில் பழகிய உடம்புக்கு வரும் சோதனை. வலி இல்லாத நாளிலும் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் குடிக்கக்கூட அவரை அசைய விடாமல் எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். தண்டுவடம் அடிபட்ட வீரர்கள் படுக்கைப் புண்ணோடு கிடந்தே இறந்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் மருத்துவர் லுட்விக் குட்மன் அத்தகைய வீரர்களைப் புரட்டிப் படுக்கவைத்தார், வேலை கொடுத்தார், விளையாட வைத்தார். 1948-இல் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்த போட்டிதான் பின்னாளில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்காக வளர்ந்தது.

பயிற்சி வலி என்று விடக் கூடாதவையும் உண்டு: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவது, திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சலோடு சீழ், செயற்கைக் காலைக் கழற்றி வெகுநேரம் ஆகியும் மறையாத சிவப்பு. மூச்சுத்திணறலுக்கு உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். மற்றவற்றை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.